விழித்திரைத் தமனி அடைப்பு: அவசர சிகிச்சையால் எது முடியும், எது முடியாது

ஒரு கண்ணில் மட்டும், வலியே இல்லாமல், சில நொடிகளில் பார்வை போய்விடுகிறது. கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, உறுத்தவும் இல்லை. எதிரே நின்று பார்ப்பவருக்கு அந்தக் கண்ணில் எந்தக் குறையும் தெரியாது. இப்படி ஒருவர் வந்தால் மருத்துவர்கள் உடனே சந்தேகிக்க வேண்டியது மைய விழித்திரைத் தமனி அடைப்பை. 'கண் பக்கவாதம்' என்ற பெயரில் இது அவ்வப்போது செய்திகளில் அடிபடுகிறது. ஊசி போட்டால் பார்வை திரும்பிவிடும் என்கிறது ஒரு செய்தி; இதற்குச் சிகிச்சையே கிடையாது என்கிறது இன்னொன்று. இரண்டுமே அரைகுறை. எது எவ்வளவு உண்மை என்று புரிய, அந்தத் தமனி எங்கே ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே குழாய், மாற்று வழி இல்லை

கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் உட்கரோட்டிட் தமனி. மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் அதிலிருந்து கண் தமனி பிரிகிறது. கண் தமனியிலிருந்து பிரியும் மெல்லிய கிளைதான் மைய விழித்திரைத் தமனி. கண்கோளத்துக்குச் சுமார் 1 செ.மீ. பின்னால் இது பார்வை நரம்பின் உறையைத் துளைத்து உள்ளே போய், நரம்பின் நடுவே ஓடி, விழித்திரையை அடைந்து நான்கு கிளைகளாக விரிகிறது. உறையைத் துளைக்கும் இடத்தில்தான் இந்தக் குழாய் மிகக் குறுகலாக இருக்கிறது. மிதந்து வரும் துணுக்குகள் பெரும்பாலும் அங்கேதான் சிக்குகின்றன.

விழித்திரைக்கு இரண்டு வழியாக ரத்தம் கிடைக்கிறது. ஒளியை வாங்கும் செல்கள் இருக்கும் வெளி அடுக்குக்குக் கோராய்டு என்னும் ரத்தக்குழாய்ப் படலம் ஊட்டம் தருகிறது. அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்புச் செல்கள் உள்ள உள் அடுக்குகளுக்கு மைய விழித்திரைத் தமனி மட்டுமே. தமனி அடைபட்டாலும் ஒளி வாங்கும் செல்கள் உயிரோடுதான் இருக்கும். அவை சொல்வதை எடுத்துப்போகும் செல்கள் மூச்சுத் திணறிச் சாகும். பக்கத்துக் குழாயிலிருந்து ரத்தம் கடன் வாங்கும் வசதி இங்கே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்குக் கோராய்டுப் பக்கத்து ரத்த ஓட்டத்திலிருந்து சிலியோரெட்டினல் தமனி என்ற சிறு கிளை பிறந்து விழித்திரையின் நடுப்பகுதிக்கு வருகிறது. அது இருக்கும் கண்ணில் மையத் தமனி முழுதாக அடைந்தாலும் நடுப்பார்வை ஓரளவு தப்பலாம். ஒரே நோய் ஒருவருக்கு இருளையும் இன்னொருவருக்குப் படிக்கும் அளவு பார்வையையும் மிச்சம் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'எனக்குத் தெரிந்தவருக்குத் தானாகவே சரியானது' என்ற கதைகளை இதை மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

இதற்கு அடிக்கடி சுட்டப்படும் விடை குரங்குகளில் நடந்த ஆய்விலிருந்து வருகிறது. கண் மருத்துவ ஆய்வாளர் சோஹன் சிங் ஹேரே வயதான, ரத்த அழுத்தமும் தமனித் தடிப்பும் உள்ள ரீசஸ் குரங்குகளின் தமனியை இறுக்கிப் பிடித்து, வெவ்வேறு நேரம் கழித்துத் திறந்து பார்த்தார். 97 நிமிடம் வரை விழித்திரை தாங்கியது. 240 நிமிடத்தில் சேதம் பெருமளவு ஆகி, மீளாத நிலைக்குப் போனது. 'நான்கு மணி நேரம்' என்ற கெடு இங்கிருந்து வந்தது.

மனிதர்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆய்வில் தமனி முழுக்க இறுக்கப்பட்டது. நோயாளியிடம் அடைப்பு பெரும்பாலும் அரைகுறையாக இருக்கும், கொஞ்சம் ரத்தம் கசிந்து போய்க்கொண்டிருக்கும். அப்படியானால் அவகாசம் கூடலாம். அடைப்பு முழுமையாக இருந்தால் குறையலாம். நான்கு மணி நேரம் ஆகவில்லை என்று சாவகாசமாகக் கிளம்புவதும் தவறு, ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவதும் தவறு.

குழாயை அடைப்பது எது?

1. கொலஸ்ட்ரால் துணுக்கு: கரோட்டிட் தமனியின் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு உடைந்து வருவது. விழித்திரைத் தமனிகளில் பார்க்கப்படும் துணுக்குகளில் இதுவே அதிகம். மஞ்சளாக மின்னும் இந்தத் துணுக்குகளை 1961-இல் விவரித்த ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்டின் பெயரிலேயே இன்றும் குறிப்பிடுகிறார்கள்.
2. ஃபைப்ரினும் (ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதம்) தட்டணுக்களும் சேர்ந்த ரத்தக்கட்டி: கரோட்டிடிலிருந்தோ, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவரின் இதய மேலறையிலிருந்தோ வரலாம்.
3. சுண்ணாம்புத் துணுக்கு: பழுதான இதய வால்விலிருந்து வருவது. அளவில் பெரியது, கரையாதது.
4. தமனிச் சுவரின் அழற்சி: முதியவர்களுக்கு வரும் ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். இங்கே துணுக்கு எதுவும் இல்லை. குழாயின் சுவரே வீங்கி வழியை மூடுகிறது.

நோயாளி இளையவராக இருந்தால் தேடல் வேறு பக்கம் போகும்: இதயத்தில் பிறவித் துளை, ரத்தம் எளிதில் உறையும் கோளாறுகள், அரிவாள் செல் நோய், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிதல். முகச் சுருக்கத்தைப் போக்கப் போடும் ஃபில்லர் ஊசி தவறிப்போய் முகத் தமனிக்குள் இறங்கினால், மருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண் தமனியையே அடைத்துவிடும். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் போடும் ஊசிகளில் இந்த ஆபத்து கூடுதல்.

மற்ற நோய்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க

'கண்ணுக்குள் ஊசி போட்டுச் சரியாயிற்று' என்று கேள்விப்படுவது பெரும்பாலும் விழித்திரைச் சிரை அடைப்பைப் பற்றியது. சிரை என்பது ரத்தம் வெளியேறும் குழாய். அது அடைந்தால் விழித்திரையில் ரத்தக் கசிவும் வீக்கமும் வரும். வீக்கத்தை வற்றவைக்க மாதக் கணக்கில் ஊசி போடுவார்கள். தமனி அடைப்பில் அந்த ஊசி பார்வையைத் திருப்பாது. பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் நோயும் வேகமும் வேறு.

திரை இறங்குவதுபோல ஓரத்திலிருந்து இருண்டுகொண்டு வந்தால், அதற்கு முன் மின்னல் கீற்றுகள் தெரிந்திருந்தால், விழித்திரை விலகலாக இருக்கலாம். கடும் வலி, சிவப்பு, குமட்டல் இருந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் மறைந்திருந்தால் கோளாறு அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி மறைந்திருந்தால் கோளாறு மூளையில். எதுவானாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான், ஆனால் இந்தத் தகவல் மருத்துவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

பார்வை சில நிமிடம் மறைந்து முழுதாகத் திரும்பிவிட்டால் பலர் அதோடு மறந்துவிடுகிறார்கள். துணுக்கு தற்காலிகமாகச் சிக்கி நகர்ந்திருக்கலாம். அதற்கும் அதே அவசரம் உண்டு.

மருத்துவமனை போய்ச் சேரும்வரை

1. நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்வை போனதை எப்போது கவனித்தீர்கள் என்பதைவிட, அந்தக் கண் கடைசியாக எப்போது நன்றாக இருந்தது என்பதே முக்கியம். தூங்கி எழுந்தபோது பார்வை இல்லை என்றால் கணக்கு தூங்கப் போன நேரத்திலிருந்து தொடங்கும்.
2. பக்கவாத சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். கண்ணாடிக் கடைக்கோ, மறுநாள் முன்பதிவுக்கோ போவதில் போகும் நேரம்தான் பலருக்குச் சிகிச்சை வாய்ப்பைக் கெடுக்கிறது.
3. நோயாளியே வண்டி ஓட்டக் கூடாது. அதே துணுக்குகள் வழியில் மூளைக்கும் போகலாம்.
4. ஆஸ்பிரினைத் தானாக விழுங்க வேண்டாம். திடீர்ப் பார்வை இழப்புக்கு ரத்தக் கசிவும் காரணமாக இருக்கலாம். ஸ்கேன் பார்த்த பிறகு மருத்துவர் கொடுக்கட்டும்.
5. உண்ணும் மருந்துகளின் பட்டியலை எடுத்துப்போக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவரா, கடைசி வேளை எப்போது என்பது சிகிச்சையையே மாற்றும்.

அவசரப் பிரிவில் நடக்க வேண்டியவை

முதலில் ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனித்தனியே அளக்கிறார்கள். அடுத்து டார்ச் விளக்கை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டும் கண்மணிச் சோதனை. பாதித்த கண்ணுக்கு வெளிச்சம் மாறும்போது கண்மணி சுருங்குவதற்குப் பதில் விரியும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் அடையாளமே அழிந்துவிடும். விட்ட நேரத்தைக் கோப்பில் எழுதாவிட்டால், பின்னால் வரும் நரம்பியல் மருத்துவர் விரிந்த கண்மணியைப் பார்த்து மூளைக்குள் ஏதோ நடந்துவிட்டதோ என்று குழம்புவார்.

விழித்திரையைப் பார்க்கும்போது பாடநூல் காட்டும் படம் இதுதான்: உள் அடுக்கு வெளுத்து வீங்கி, நடுவில் மட்டும் செர்ரிப் பழம்போல ஒரு சிவப்புப் புள்ளி. விழித்திரை மிக மெலிதாக இருக்கும் அந்த நடுப்புள்ளியில் பின்னாலுள்ள கோராய்டின் நிறம் தெரிகிறது. ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விழித்திரை ஏறக்குறைய இயல்பாகவே தோன்றலாம். சிகிச்சைக்கு மிக உகந்த நேரத்தில் வரும் நோயாளியிடம்தான் அடையாளங்கள் மிகக் குறைவு. ஓசிடி என்னும் அடுக்குப் பட ஸ்கேன் இங்கே கைகொடுக்கிறது: உள் அடுக்குகளின் மாற்றம் கண்ணால் பார்ப்பதைவிட முன்னதாக அதில் பிடிபடும். விழித்திரை நிபுணர் எல்லா நேரமும் பணியில் இல்லாத இடங்களில், அவசரப் பிரிவிலேயே படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் ஏற்பாடு உண்மையிலேயே நேரத்தைச் சேமிக்கிறது.

கூடவே ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி, தலை ஸ்கேன். 50 வயதைத் தாண்டியவர் என்றால் தமனி அழற்சியைத் தேடும் ரத்தச் சோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி, தட்டணு எண்ணிக்கை ஆகிய மூன்றும் கட்டாயம்.

கரைப்பு ஊசி பற்றிய சர்ச்சை

மூளைப் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்க முதல் 4.5 மணி நேரத்துக்குள் தரப்படும் அல்டிபிளேஸ் மருந்தைக் கண்ணுக்கும் தரலாமா? நியாயமான கேள்வி. அளவு அதேதான்: எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 54 மி.கி.; அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மி.கி. ஒரு நிமிடத்தில், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில் சிரை வழியாக ஏறும். தொடங்கும் முன் ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும், ஸ்கேனில் ரத்தக் கசிவு இருக்கக் கூடாது, அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்திருக்கக் கூடாது.

பலன் பற்றிய சான்றுகள் ஒரே திசையில் இல்லை. 2010-இல் வெளியான ஈகிள் சோதனையில், தொடையில் குழாய் செலுத்திக் கண் தமனி வரை போய் நேரடியாக மருந்து விட்டார்கள். 84 பேரில் ஒரு பகுதியினருக்கு இது, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. பார்வை கூடியவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே விழுக்காடு: 57, 60. பக்கவிளைவோ மருந்துப் பிரிவில் 37 விழுக்காடு, மறுபக்கம் 4 விழுக்காடு. சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் 20 மணி நேரம் வரை தாமதமானவர்களையும் சேர்த்திருந்தார்கள். குரங்கு ஆய்வை நினைத்துப் பார்த்தால், விழித்திரை செத்த பிறகு குழாயைத் திறந்ததில் பயன் இல்லாமல் போனது வியப்பல்ல.

அந்த 57, 60 என்ற எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பார்வை அட்டையில் மூன்று வரிக்கு நிகரான முன்னேற்றம் இருந்தாலே 'கூடியது' என்று கணக்கு. கண் முன் கை அசைவது மட்டும் தெரிந்தவருக்கு விரல்களை எண்ண முடிந்தால் அதுவும் முன்னேற்றம்தான். ஆனால் அவரால் அந்தக் கண்ணால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. செய்தியில் விழுக்காட்டைப் பார்க்கும்போது எதிலிருந்து எதற்கு என்று கேட்க வேண்டும்.

முன்கூட்டியே தந்தால்? பல சிறு ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த பகுப்பாய்வில், சிகிச்சை இன்றி விடப்பட்டவர்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்குப் பார்வை மீண்டது, 4.5 மணி நேரத்துக்குள் கரைப்பு ஊசி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு. 2020-இல் வந்த இன்னொரு தொகுப்பில் ஊசி பெற்றவர்களின் அளவு 37 விழுக்காடு. நம்பிக்கை தரும் எண்கள், ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. அந்தக் குறையைத் தீர்க்க பிரான்சில் தெயா சோதனை நடந்தது: 4.5 மணி நேரத்துக்குள் வந்த 70 பேருக்கு அல்டிபிளேஸ் அல்லது ஆஸ்பிரின். இரு பிரிவுக்கும் இடையே புள்ளியியல் முறையில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. 70 பேர் என்பது நடுத்தரமான பலனை நிரூபிக்கவோ மறுக்கவோ போதாத எண்ணிக்கை.

அடிப்படையான தடை வேறு. அல்டிபிளேஸ் கரைப்பது ஃபைப்ரினை மட்டுமே. சிக்கியிருப்பது கொலஸ்ட்ரால் படிகமோ சுண்ணாம்போ என்றால், துணுக்கைச் சுற்றிப் படிந்த ரத்தக்கட்டி கரையலாம், துணுக்கு கரையாது. எந்த வகை சிக்கியிருக்கிறது என்பது நரம்புக்குள் மறைந்திருப்பதால் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

ஆபத்துப் பக்கம்: மூளைப் பக்கவாதத்துக்கு இந்த மருந்தை நிறுவிய 1995 சோதனையில் 6.4 விழுக்காட்டினருக்கு மூளையில் அறிகுறி காட்டும் ரத்தக் கசிவு வந்தது. கண் அடைப்பில் மூளைத் திசு பெரும்பாலும் கெடாமல் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2021 அறிக்கை நடுவழியை எடுத்தது: பார்வை பெரிதும் கெட்டிருந்து, 4.5 மணி நேரத்துக்குள் வந்து, மற்றத் தடைகள் இல்லாதவருக்கு, ஆபத்தை எடுத்துச் சொல்லி ஊசியைப் பரிசீலிக்கலாம். இன்றைய சான்றுகளுக்கு இதைவிட அழுத்தமாக எந்தப் பக்கமும் பேச முடியாது. நோயாளிக்கு இருப்பது அந்த ஒரே கண் என்றால் தராசு ஊசிப் பக்கம் சாய்வது இயல்பு.

பழைய முறைகள்

கண் அழுத்தத்தைக் குறைத்தால் தமனிக்குள் ரத்தம் எளிதாகப் பாயும், துணுக்கு நகரும் என்பதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படை. மூடிய இமைமேல் 10–15 நொடி அழுத்தித் திடீரென விடுவது. அசெட்டசோலமைடு 500 மி.கி.; டிமோலால் சொட்டு; கண்ணின் முன்னறையிலிருந்து மெல்லிய ஊசியால் 0.1–0.2 மி.லி. திரவம் எடுப்பது, காகிதப் பைக்குள் மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயுவைக் கூட்டுவது (இது மட்டும் ரத்தக்குழாயை விரிப்பதற்காக).

எதற்கும் உறுதியான சான்று இல்லை. மேலே சொன்ன 2015 பகுப்பாய்வில் இம்முறைகளைப் பெற்றவர்களில் 7 விழுக்காட்டினருக்குத்தான் பார்வை மீண்டது, சிகிச்சை பெறாதவர்களைவிடக் குறைவு. முன்னறையில் ஊசி குத்தும்போது லென்ஸ் கீறலாம், கிருமி நுழையலாம். பிறகு கரைப்பு மருந்து ஏற்றினால் குத்திய இடத்தில் ரத்தம் கசியலாம். வேறு வழி இல்லாத இடத்தில் மருத்துவர் மசாஜும் சொட்டும் முயல்வதில் தவறில்லை. அதற்காகப் பக்கவாதப் பிரிவுக்கு அனுப்புவதை ஒரு நிமிடம்கூடத் தள்ளிவைக்கக் கூடாது. வீட்டில் கண்ணை அழுத்திப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், குறிப்பாக அண்மையில் கண் அறுவை சிகிச்சை ஆனவர்கள்.

உயர் அழுத்த ஆக்சிஜன் அறை வேறு வகை. இயல்பைவிட 2 முதல் 2.8 மடங்கு காற்றழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால், கோராய்டிலிருந்து ஆக்சிஜன் ஊறி விழித்திரையின் உள் அடுக்குவரை எட்டும். தமனி தானாகத் திறக்கும்வரை செல்கள் தாக்குப்பிடிக்கும். கொள்கை வலுவானது, சான்றுகள் சிறிய ஆய்வுகளிலிருந்து வருபவை. அறை பக்கத்திலேயே இருந்து, விரைவாகத் தொடங்க முடிந்தால் மட்டுமே பொருள் உண்டு. காது அடைத்து வலிப்பது அடிக்கடி வரும் பக்கவிளைவு.

தவறவிடக் கூடாத ஒரு வகை

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது மண்டைத் தோலில் வலி, மெல்லும்போது தாடை வலி, உடல் இளைப்பு ஆகியவற்றோடு பார்வை போனால், தமனி அழற்சி என்று கருதியே செயல்பட வேண்டும். தமனி அடைப்புகளில் இந்த வகை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் சிகிச்சை தாமதமானால் சில நாட்களில் மறு கண்ணும் போகலாம். மெதில்பிரெட்னிசலோன் 500 முதல் 1000 மி.கி. வரை நாள்தோறும் சிரை வழியாக மூன்று நாள், பிறகு மாத்திரை. நெற்றிப்பொட்டுத் தமனியிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது நோயை உறுதிப்படுத்தத்தான்; ஸ்டெராய்டு தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுத்தாலும் மாற்றம் தெரியும். இவர்களுக்குக் கரைப்பு ஊசி உதவாது.

கண்ணைத் தாண்டி

இந்த நோயில் மருத்துவத்தால் உறுதியாகச் செய்ய முடிந்த காரியம் மூளையையும் இதயத்தையும் காப்பதுதான். விழித்திரைத் தமனி அடைந்து வருபவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மூளையிலும் புதிய சிறு அடைப்புகள் தெரிகின்றன, கை கால் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே. அடுத்த சில வாரங்களில் பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். பார்வை திரும்பாது என்று தெரிந்த பிறகும், மூன்று நாள் கழித்து வந்தவருக்கும், அவசரம் குறையாததற்குக் காரணம் இதுதான். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது மருத்துவப் பிழை.

கரோட்டிட் தமனி ஸ்கேன், நீண்ட நேர இதயத் துடிப்புப் பதிவு, எக்கோ, கொழுப்பு அளவு, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவை ஒரே முறை சேர்க்கையில் முடிந்துவிட வேண்டும். பாதித்த கண் இருக்கும் பக்கத்துக் கரோட்டிட் 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருந்தால், கொழுப்புத் திட்டை அகற்றும் அறுவை சிகிச்சையை இரண்டு வாரத்துக்குள் செய்வதில் பலன் அதிகம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை. இல்லாதவருக்குத் தட்டணு ஒட்டாமல் தடுக்கும் மருந்தும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும். புகைப்பழக்கம் அன்றோடு நிற்க வேண்டும்.

கண்ணிலும் ஒரு வேலை மீதமிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் தவித்த விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அக்குழாய்கள் கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலத்தில் (ஐரிஸ்) முளைத்துக் கண்ணின் வடிகாலை அடைத்தால் அழுத்தம் ஏறி, பார்வையற்ற கண் வலிக்கவும் தொடங்கும். இது வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். அதனால் முதல் நான்கு மாதம் சில வாரத்துக்கு ஒருமுறை, கண்மணியை விரிக்கும் சொட்டு விடும் முன்பே படலத்தைப் பார்க்க வேண்டும். குழாய் முளைத்திருந்தால் உடனே லேசர். தேவைப்பட்டால் அதன் வளர்ச்சியை அடக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுவார்கள்.